பழைய ஜெர்மன் ஃபிலிம் கேமரா சேர்க்க ஆரம்பிக்குறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

எந்தக் காலத்து கேமராவைப் பத்தி பேசுறீங்க?

1930லேர்ந்து 1960கள் முடியுற வரைக்கும்னு வெச்சுக்கோங்க. லைக்கா 1925லயே லைப்ஸிக் சந்தையில வெளிய வந்துடுச்சு, ரோலிஃப்ளெக்ஸ் 1929, கான்டாக்ஸ் 1932. ஆனா இன்னிக்கு கட்டுப்படியாகுற விலையில, ரோல் போட்டு படம் எடுக்குற நிலைமையில கிடைக்குறது பெரும்பாலும் யுத்தத்துக்கு அப்புறம் 1949-65 வாக்குல வந்த சரக்குதான். 1959ல நிக்கான் எஃப் வந்துச்சு, அதுலேர்ந்து ஜெர்மன்காரங்க கொஞ்சம் கொஞ்சமா ஆட்டத்தை விட்டு வெளிய போக ஆரம்பிச்சாங்க, 1972ல ஸைஸ் ஐகான் கம்பெனி கேமரா பண்றதையே நிறுத்திடுச்சு. அந்த நாப்பது வருஷத்துக்குள்ள எத்தனை கம்பெனி, எத்தனை விசித்திரமான ஐடியா! அதுதான் இதுல இருக்குற ருசியே.

முதல் கேமராவா லைக்காதானே வாங்கணும்?

வேணாம். லைக்கா மோசம்னு சொல்லல, எம்3 மாதிரி ஒரு வியூஃபைண்டர் இன்னொண்ணு கிடையாது, 1954ல வந்தது, இன்னிக்கும் கண்ணை வெச்சா அசந்துடுவீங்க. ஆனா ஒரு எம்3 பாடி வாங்குற காசுல ஒரு கோடக் ரெட்டினா, ஒரு ஃபோக்ட்லெண்டர் விட்டோ பி, ஒரு ரோலிகார்ட் மூணையும் வாங்கிட்டு ரோலுக்கும் காசு மிச்சம் இருக்கும். பேருக்கு காசு கொடுக்காதீங்க, ஷட்டருக்கு கொடுங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஒழுங்கா ஓடுற ஷட்டர், சுத்தமான லென்ஸ், இந்த ரெண்டும் இருந்தா பேர் தெரியாத பிராண்டு கூட உங்களை சந்தோஷமா வெச்சுக்கும். பேர் பெருசா இருந்து ஷட்டர் செத்துப் போயிருந்தா அது ஷோகேஸ் பொம்மை.

என்னைக் கேட்டா முதல் கேமராவுக்கு விட்டோ பி. 1954ல பிரவுன்ஷ்வைக்ல பண்ண ஆரம்பிச்சாங்க, சின்னதா கனமா கையில அடங்கும், கலர்-ஸ்கோபார் லென்ஸ் ரொம்ப ஷார்ப். இதுல இன்னொரு கூத்து இருக்கு. ஃபிலிமோட ஓட்டை பல் சக்கரத்தை சுத்தினாதான் ஷட்டர் காக் ஆகும், அதாவது அடிக்க ரெடியா முறுக்கிக்கும், அதனால உள்ள ரோல் இல்லாம லீவரை இழுத்து பட்டனை அமுக்கினா ஒண்ணுமே நடக்காது. இது தெரியாம "ஷட்டர் ரிப்பேர்"னு போட்டு சல்லிசா விக்கிறவங்க இன்னும் இருக்காங்க. பின் கதவைத் திறந்து அந்தப் பல் சக்கரத்தை விரலால சுத்திவிட்டு பட்டனை அமுக்கிப் பாருங்க, டிக்குனு அடிக்கும்.

ரெட்டினா அமெரிக்க கோடக் தானே, அதை ஏன் ஜெர்மன் கேமராவுல சேர்க்குறீங்க?

ஓனர் அமெரிக்கன், கேமரா ஜெர்மன். ஆகஸ்ட் நாகெல்னு ஒருத்தர் ஸ்டுட்கார்ட்ல கேமரா கம்பெனி வெச்சிருந்தார், 1930களோட தொடக்கத்துல கோடக் அதை வாங்கிடுச்சு. அங்கேர்ந்து 1934ல வந்ததுதான் முதல் ரெட்டினா. இன்னிக்கு கடையில "35எம்எம் ரோல்"னு கேட்டு வாங்குறோமே அந்த கேசட், அது இந்த கேமராவோட சேர்ந்து வந்ததுதான்.

ரெட்டினா மூட மாட்டேங்குது, லீவரும் லாக் ஆயிடுச்சு, போச்சா?

பெரும்பாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. ரெட்டினா மடக்குற கேமரா, ஃபோகஸை இன்ஃபினிட்டியில, அதாவது ரொம்ப தூரத்துக்கான கடைசி குறியில வெச்சா மட்டும்தான் மூடும். இன்ஃபினிட்டிக்கு கொண்டு போய், மேலயும் கீழயும் இருக்குற ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கி, அப்புறம் கதவை மூடுங்க. பலத்தை காட்டினா வளைஞ்சுடும், அப்புறம் எந்த மெக்கானிக்கும் திட்டாம வாங்க மாட்டார்.

லீவர் லாக் ஆனதுக்கு காரணம் கவுன்ட்டர். இதுல எண்ணிக்கை மேலேர்ந்து கீழ இறங்கும், 36, 35, 34ன்னு, ரோல் தீர்ந்துடுச்சுன்னு நினைச்சு கடைசியில லாக் போட்டுடும். கவுன்ட்டரை மறுபடி மேல ஏத்தி விட்டா லாக் எடுத்துடும். நிஜமாவே தேயுற பாகம்னு பாத்தா உள்ள ஷட்டரை காக் பண்ற பல் பட்டை, அதுக்காகத்தான் லீவரை வெடுக்குனு இழுக்காதீங்கன்னு சொல்றது, மெதுவா ஒரே இழுப்பா இழுங்க.

ஸைஸ்ங்கற பேர்ல ரெண்டு கம்பெனி இருக்குன்றாங்க, கிழக்கு ஜெர்மனி மேற்கு ஜெர்மனின்றாங்க, தலை சுத்துது. கொஞ்சம் சொல்லுங்களேன்.

ரெண்டு இல்ல, சரியா பாத்தா நாலு. பொறுமையா படிங்க, இது புரிஞ்சாதான் கேமராவை கையில எடுத்ததும் அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்ல முடியும்.

கார்ல் ஸைஸ் லென்ஸ் பண்ற கம்பெனி, ஊர் யேனா. ஸைஸ் ஐகான் கேமரா பண்ற கம்பெனி, 1926ல நாலு பழைய கம்பெனிகளை ஒண்ணா சேர்த்து உருவாக்கினது, தலைமையிடம் ட்ரெஸ்டன், ஸ்டுட்கார்ட்லயும் ஒரு ஃபேக்டரி. 1945 பிப்ரவரியில ட்ரெஸ்டன் மேல குண்டு போட்டு ஊரையே கொளுத்திட்டாங்க. யேனாவை முதல்ல பிடிச்சது அமெரிக்கப் படை, ஆனா ஒப்பந்தப்படி அந்தப் பகுதி சோவியத்துக்கு போகணும். போறதுக்கு முன்னாடி ஸைஸ்ல இருந்த முக்கியமான விஞ்ஞானிகளையும் நிர்வாகிகளையும் லாரியில ஏத்தி மேற்குப் பக்கம் கொண்டு போயிட்டாங்க. அவங்க 1946ல ஓபர்கோஹன்ல புதுசா ஆரம்பிச்சாங்க. ஆக யேனாவுல ஒரு கார்ல் ஸைஸ், ஓபர்கோஹன்ல ஒரு கார்ல் ஸைஸ், ட்ரெஸ்டன்ல ஒரு ஸைஸ் ஐகான், ஸ்டுட்கார்ட்ல ஒரு ஸைஸ் ஐகான். நாலு பேருக்கும் நாங்கதான் ஒரிஜினல்னு சண்டை, வருஷக்கணக்கா கோர்ட்டு கேஸு.

இதுக்கு நடுவுல சோவியத்காரங்க நஷ்ட ஈடுன்னு ஸைஸ் ஐகானோட கான்டாக்ஸ் கேமரா பண்ற மெஷின், டூல் எல்லாத்தையும் பெயர்த்து கீவ் நகரத்துக்கு கொண்டு போயிட்டாங்க. அங்க அதே கான்டாக்ஸ் "கீவ்"ங்கற பேர்ல 1980கள் வரைக்கும் ஓடுச்சு. ஆரம்ப வருஷத்து கீவ் கேமராவைப் பிரிச்சுப் பாத்தா கான்டாக்ஸ் 2க்கும் அதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க கண்ணாடி போடணும். ஸ்டுட்கார்ட்காரங்க கையில பழைய மெஷின் எதுவும் இல்லாம முதல்லேர்ந்து டிசைன் பண்ணி 1950ல கான்டாக்ஸ் 2ஏ கொண்டு வந்தாங்க.

ட்ரெஸ்டன்காரங்க சும்மா இருந்தாங்களா? 1949ல கான்டாக்ஸ் எஸ் போட்டாங்க, பென்டாபிரிசம் வெச்ச எஸ்எல்ஆர், அதாவது படம் எடுக்குற லென்ஸ் வழியாவே உள்ள இருக்குற கண்ணாடி மூலமா பாக்குற கேமரா, கண்ணு மட்டத்துல வெச்சு நேரா பாக்கலாம், லென்ஸைத் திருகி மாட்டுற எம்42 மவுண்ட்டு. அந்த எம்42 அப்புறம் பிராக்டிகா, ஜப்பான் கம்பெனிகள், சோவியத்னு உலகம் பூரா போச்சு. ஆனா பேர் சண்டையில கான்டாக்ஸ்னு போட்டு வெளிநாட்டுக்கு விக்க முடியாம "பென்டகான்"னு மாத்திக்கிட்டாங்க. கம்யூனிஸ்ட் நாட்டு சரக்குன்னு கிழக்கு கேமராவை இளப்பமா பேசுறவங்களுக்கு இந்த ஒரு கேமரா போதும்.

பின்னாடியும் லென்ஸ்லயும் எழுதியிருக்குறதை வெச்சு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கலாமா?

நல்லாவே கண்டுபிடிக்கலாம். "யுஎஸ் ஸோன்"னு இருந்தா யுத்தம் முடிஞ்ச உடனே வந்த சில வருஷத்து சரக்கு, மேற்கு. டிஆர்பின்னு இருந்தா யுத்தத்துக்கு முந்தின பேட்டன்ட், டிபிபின்னு இருந்தா 1949க்கு அப்புறம் வந்த மேற்கு ஜெர்மன் பேட்டன்ட். முக்கோணத்துக்குள்ள 1 போட்டு க்யூ எழுத்து இருந்தா கிழக்கு ஜெர்மனியோட தர முத்திரை.

லென்ஸ்ல கதை இன்னும் சுவாரசியம். கேஸ்ல தோத்த நாடுகளுக்கு அனுப்பும்போது யேனாகாரங்க ஸைஸ்னும் போடக் கூடாது, டெஸ்ஸார்ங்கற லென்ஸ் பேரையும் போடக் கூடாது. அதனால வெறும் "டி"ன்னு ஒரு எழுத்து, பக்கத்துல "யேனா"ன்னு ஊர் பேர், அவ்வளவுதான். பயோட்டார் லென்ஸ்னா "பி". ஆனா சிவப்பு கலர்ல ஒரு "டி" இருந்தா அது வேற, அது லென்ஸுக்கு கோட்டிங் போட்டிருக்குன்றதுக்கு அடையாளம். கோட்டிங் முறையை ஸைஸ்ல அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935லயே கண்டுபிடிச்சுட்டார், சாதாரண கேமராவுக்கு அது பரவலா வந்தது யுத்தத்துக்கு அப்புறம்.

ஷட்டர்ல 1/25, 1/50, 1/100ன்னு ஸ்பீடு இருந்தா பழசு, 1/30, 1/60, 1/125ன்னு இருந்தா 1950கள் நடுவுல இல்லன்னா அதுக்கு அப்புறம்.

கையில கேமரா கொடுத்தா எதை எதைப் பாக்கணும்?

முதல்ல ஷட்டர், அதுலயும் மெதுவான ஸ்பீடு. எல்லாரும் 1/125ல தட்டிப் பாத்துட்டு "சூப்பர்"னு வெச்சுடுறாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. 1 செகண்டுல வெச்சு காக் பண்ணி காதுகிட்ட கொண்டு போங்க. உள்ள சின்ன சின்ன கியர் ஓடுற சத்தம் கேக்கும், ஸ்ர்ர்ர்ர்னு ஒரே சீரா ஓடி டக்குனு முடியணும். நடுவுல திக்கித் திணறி, நின்னு, மறுபடி ஓடிச்சுன்னா உள்ள எண்ணெய் காஞ்சு கோந்தாயிடுச்சுன்னு அர்த்தம். பல வருஷம் எடுக்காம வெச்ச ஸ்கூட்டர் மாதிரிதான், நாலு தடவை உதைச்சா ஸ்டார்ட் ஆகலாம், ஆனா சர்வீஸ் செலவை இப்பவே விலையில கழிச்சுடுங்க.

லீஃப் ஷட்டர்னா, அதாவது லென்ஸுக்குள்ளயே ஷட்டர் இருக்குற காம்பூர், ப்ராண்டார் மாதிரி டைப்புனா, பிளேடு மேல எண்ணெய் பளபளப்பு இருக்கான்னு பாருங்க. எண்ணெய் இருந்தா ஒட்டிக்கும். பழைய காம்பூர்-ராப்பிட்ல 1/500 வேணும்னா காக் பண்றதுக்கு முன்னாடியே அதுல வெச்சுடுங்க, காக் பண்ணிட்டு அதுக்கு திருப்பாதீங்க, அந்த ஒரு ஸ்பீடுக்குன்னு உள்ள தனியா ஸ்பிரிங் இருக்கு. அப்புறம் "வி"ன்னு ஒரு குட்டி லீவர் இருக்கும், அது செல்ஃப் டைமர், அதை மட்டும் தொடாதீங்க, விக்கிறவர் "இதுவும் வேலை செய்யும் பாருங்க"ன்னு சொன்னாலும் வேணாம்னுடுங்க. அறுபது வருஷமா தொடாத டைமர் பாதியில மாட்டிக்கிட்டா மொத்த ஷட்டரும் பூட்டிக்கும்.

துணி ஷட்டர்னா, லைக்கா, எக்ஸாக்டா மாதிரி, லென்ஸைக் கழட்டி பின்னாடி டார்ச் அடிச்சு துணியில ஊசி ஓட்டை இருக்கான்னு பாக்கணும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுல, அதாவது ரெண்டு பிம்பத்தை ஒண்ணா சேர்த்து ஃபோகஸ் பண்ற டைப்புல, எஸ்எல்ஆர் மாதிரி லென்ஸுக்குப் பின்னாடி கண்ணாடி கிடையாது, மூடி போடாம வெயிலைப் பாக்க வெச்சா லென்ஸ் சூரியனை அந்தத் துணி மேலயே குவிச்சு எரிச்சுடும், பாதி ஓட்டை அப்படி வந்ததுதான்.

மடக்குற கேமராவுக்கு பெல்லோஸ், அதாவது லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல துருத்தி மாதிரி இருக்குற மடிப்பு. ரூம் லைட்டை அணைச்சுட்டு, பின் கதவைத் திறந்து, ஃபோன் டார்ச்சை உள்ள வெச்சு, வெளியிலேர்ந்து மூலை மூலையா பாருங்க. மடிப்பு சேர்ற மூலையில நட்சத்திரம் மாதிரி ஒளி தெரிஞ்சா ஓட்டை. ஆக்ஃபா ஐசோலெட் வகையறாவுக்கு இந்த வியாதி ரொம்ப அதிகம், ஸைஸ் ஐகான் ஐகான்டாவோட பெல்லோஸ் அதைவிட எவ்வளவோ தேவலை. ஐசோலெட்டுக்கு இன்னொரு வியாதியும் உண்டு, ஃபோகஸ் வளையத்துல போட்ட கிரீஸ் பச்சையா காஞ்சு சிமென்ட் ஆயிடும், சுத்தவே சுத்தாது. விக்கிறவர் "கொஞ்சம் டைட்டா இருக்கு"ன்னு சொல்வார்.

ரேஞ்ச்ஃபைண்டர் சரியா இருக்கான்னு பாக்க தூரத்துல இருக்குற செல்ஃபோன் டவரைப் பாருங்க, இன்ஃபினிட்டியில ரெண்டு பிம்பமும் ஒண்ணா சேரணும். எம்3ல வியூஃபைண்டர் நடுவுல இருக்குற வெளிச்சக் கட்டம் கறுப்பா இருந்தா விட்டுடுங்க. கீழ விழுந்த கேமராவுல உள்ள பிரிசம் ஒட்டின பிசின் விட்டுப் போயிருக்கும், அந்த ரிப்பேர் சுலபத்துல முடியாது.

லென்ஸ்ல வெள்ளைப் புள்ளி, நூல், வானவில் எல்லாம் தெரியுது. எது ஆபத்து?

சிலந்தி வலை மாதிரி நூல் நூலா இருந்தா ஃபங்கஸ். ஓரத்துல கொஞ்சமா இருந்தா சுத்தம் பண்ணிடலாம், ரொம்ப நாள் விட்டிருந்தா கோட்டிங்கை அரிச்சுத் தழும்பு விட்டுடும். பனி மூட்டம் மாதிரி மங்கலா இருந்தா ஹேஸ், உள்ள படிஞ்ச எண்ணெய் ஆவி, பெரும்பாலும் துடைச்சா போயிடும். ஓரத்துல எண்ணெய் சிந்தின மாதிரி வானவில் கலர் வளையம் வந்தா ரெண்டு கண்ணாடியை ஒட்டின பிசின் பிரியுது. விலை குறைச்சா வாங்கலாம், சரி பண்ற செலவுல இன்னொரு லென்ஸே வாங்கிடலாம்.

ஷ்னைடர் லென்ஸ்ல ஓரமா குட்டிக் குட்டியா வெள்ளைப் புள்ளி கூட்டமா இருந்தா கவலையே வேணாம், அது கண்ணாடி ஓரத்துல அடிச்ச கறுப்பு பெயின்ட் உரியுறது. படத்துல ஒண்ணும் தெரியாது. ஆனா பேரம் பேச நல்ல பாயின்ட்டு.

ஸைஸ் ஐகான் கேமராவோட தோல் கொப்புளம் கொப்புளமா வீங்கியிருக்கே?

இதுக்கு சேகரிக்குறவங்க வெச்ச பேரே ஸைஸ் பம்ப்ஸ். தோலுக்கு அடியில இருக்குற ரிவெட்டு பச்சைக் களிம்பு பிடிச்சு தோலைத் தூக்கி விடும். தோலை மெதுவா கிளப்பி, சுரண்டி சுத்தம் பண்ணி, மறுபடி ஒட்டினா சரியாயிடும். வேலை செய்யுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு அது அழகாவே தெரியும், அதை எடுக்கச் சொல்லி யாரும் என்கிட்ட வராதீங்க.

தங்கக் கலர்ல, 1936 பெர்லின் ஒலிம்பிக்னு எழுதின லைக்கா ஒண்ணு பாத்தேன், வாங்கலாமா?

அது லைக்காவே இல்ல. தொண்ணூத்தொம்போது சதவீதம் சோவியத் ஃபெட் அல்லது ஸோர்க்கி. லைக்கா 2வைப் பாத்து கார்கிவ்ல 1934லேர்ந்து ஃபெட் பண்ணாங்க, 1948லேர்ந்து ஸோர்க்கி. அதோட மேல் தட்டைத் தேய்ச்சுட்டு லைக்கான்னு வெட்டி, கழுகு, ஸ்வஸ்திகா, ஒலிம்பிக் வளையம், கப்பல் படை, விமானப் படைன்னு என்ன என்ன தோணுதோ அத்தனையும் போட்டு, தங்கக் கலர் பூசி, பாம்புத் தோல் ஒட்டி விக்கிறாங்க. நிஜ ராணுவ லைக்கா இருக்கு, ஆனா அது பழைய சாமான் கடையில அலாரம் கடிகாரத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்காது.

கண்டுபிடிக்குறது சுலபம். லென்ஸைக் கழட்டுங்க, உள்ள மேல் பக்கம் ரேஞ்ச்ஃபைண்டரோட சேர்ந்த ஒரு கை நீட்டிக்கிட்டு இருக்கும். லைக்கான்னா அதோட முனையில உருளுற குட்டிச் சக்கரம் இருக்கும், சோவியத்னா சும்மா ஆப்பு மாதிரி வெட்டின ஒரு நாக்கு. லைக்காவோட எல்மார்னு எழுதின லென்ஸும் பெரும்பாலும் சோவியத் இண்டஸ்டாராதான் இருக்கும். நிஜ எல்மார்ல அபெர்ச்சர் இதழ் முதல் கண்ணாடிக்கு நேர் பின்னாடியே இருக்கும், இண்டஸ்டார்ல ரெண்டாவது கண்ணாடிக்கும் பின்னாடி. முன்னாடிலேர்ந்து எட்டிப் பாத்தாலே ஆழம் தெரியும்.

போலின்னு தெரிஞ்சே பொழுதுபோக்குக்கு வாங்குறதுன்னா வாங்குங்க, ஃபெட் விலையில.

ரோலிஃப்ளெக்ஸா ரோலிகார்டா?

காசு இருந்தா ரோலிஃப்ளெக்ஸ், அறிவு இருந்தா ரோலிகார்ட்னு சொன்னா ஃப்ளெக்ஸ் வெச்சிருக்கறவங்க சண்டைக்கு வருவாங்க. ரெண்டும் பிரவுன்ஷ்வைக்ல ஃப்ராங்கே அண்ட் ஹைடெக்கே பண்ணின ரெட்டை லென்ஸ் கேமரா, ரெண்டும் 120 ரோல், 6×6ல 12 படம். ஃப்ளெக்ஸ்ல பக்கத்துல மடக்குற க்ராங்க், ஒரு சுத்துல ஃபிலிமும் நகரும் ஷட்டரும் காக் ஆகும். 1937ல வந்த ஆட்டோமேட் மாடல்லேர்ந்து ஃபிலிமை ரோலருக்கு அடியில விட்டா பேப்பர் முடிஞ்சு ஃபிலிம் தொடங்குற இடத்தை அதுவே தடவிப் பாத்துக் கண்டுபிடிச்சு கவுன்ட்டரைத் தொடங்கும், இதை யோசிச்ச ஆளுக்கு சிலை வைக்கணும். ஆனா ரோலருக்கு அடியில விட மறந்தீங்கன்னா கவுன்ட்டர் தொடங்கவே தொடங்காது, மொத்த ரோலும் சும்மா சுத்திப் போயிடும்.

கார்ட்ல திருகுற குமிழ், ஷட்டரை லென்ஸுக்குக் கீழ இருக்குற குட்டி லீவரைத் தள்ளி தனியா காக் பண்ணணும். கடைசி கால கார்ட்ல வர்ற ஸெனார் லென்ஸ், கொஞ்சம் அபெர்ச்சரைக் குறைச்சு எஃப்8ல வெச்சீங்கன்னா பிளானார் லென்ஸ் வெச்ச ஃப்ளெக்ஸ்லேர்ந்து பிரிச்சு சொல்றது கஷ்டம். எடையும் கம்மி.

இந்தியாவுக்கும் ரோலிஃப்ளெக்ஸுக்கும் பழைய பந்தம் உண்டு, நாட்டோட முதல் பெண் பத்திரிகை போட்டோகிராபர் ஹோமாய் வியாரவாலா கையில இருந்ததும் ரோலிஃப்ளெக்ஸ்தான். நம்ம ஊர் பழைய ஸ்டூடியோக்கள்ல ரோலின்னு நினைச்சு எடுத்துப் பாத்தா பல சமயம் யாஷிகா மேட்டா இருக்கும், அது ஜப்பான்.

விசித்திரமான கேமரா ஏதாவது சொல்லுங்க.

எக்ஸாக்டா. ட்ரெஸ்டன்ல இஹாகே கம்பெனி, 1936லயே 35எம்எம் எஸ்எல்ஆர் போட்டாங்க. ஷட்டர் பட்டன் இடது கை, ஃபிலிம் லீவரும் இடது கை, அதை கிட்டத்தட்ட ஒரு முழு வட்டம் சுத்தணும். மெதுவான ஸ்பீடு 12 செகண்டு வரைக்கும் போகும், உள்ள ஒரு குட்டிக் கத்தி இருக்கு, பாதி ரோல்ல ஃபிலிமை வெட்டி எடுத்து கழுவிக்கலாம். யாரோ ஒரு இன்ஜினியர் தனக்குப் பிடிச்சதை எல்லாம் ஒரே பெட்டியில போட்டிருக்கார். இதைப் பிடிக்காதவங்களோட எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.

ஃபோக்ட்லெண்டர் விட்டெஸா, 1950, ரெட்டைக் கதவு மாதிரி முன்னாடி திறக்கும், தலையில குச்சி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்கும், அதை அமுக்கினா ஃபிலிம் நகரும். ரோபாட், ஸ்பிரிங் முறுக்கி விட்டா படபடன்னு தானா ஃபிலிம் நகர்த்தி எடுக்கும், 24×24 சதுரப் படம். சூப்பர் ஐகான்டா 532/16ல 120 ரோல் போட்டா 12க்கு பதிலா 11 படம்தான் வரும், ரிப்பேர் இல்ல, அப்படித்தான் பண்ணியிருக்காங்க. ஸைஸ் ஐகானோட கான்டாஃப்ளெக்ஸ் எஸ்எல்ஆர்ல ஒரு படம் எடுத்ததும் வியூஃபைண்டர் கறுப்பாயிடும், அடுத்த படத்துக்கு சுத்தினாதான் வெளிச்சம் வரும், அதுவும் அப்படித்தான்.

இதுக்கெல்லாம் ஃபிலிம் கிடைக்குதா?

35எம்எம், 120 ரெண்டும் கிடைக்குது, விலைதான் வயித்தைக் கலக்கும். ஊட்டியில "இந்து"ங்கற பிராண்டு ஃபிலிம் தயாரான காலமெல்லாம் போச்சு, இப்ப எல்லாமே இறக்குமதி. வாங்குறதுக்கு முன்னாடி கேமரா எந்த ஃபிலிம் எடுக்கும்னு பாருங்க. 127 ரோல் எடுக்குற பேபி ரோலி அழகுதான், ஆனா ரோல் தேடி அலையணும். ஆக்ஃபா கேரட்ல பழைய மாடலுக்கு தனி கேசட் வேணும், கேரட் 36னா சாதாரண 35எம்எம் போதும், ஒரு எண்ணுல இவ்வளவு விஷயம்.

கறுப்பு வெள்ளைன்னா வீட்டுலயே கழுவிடுங்க. ஆக்ஃபாவோட ரோடினால் டெவலப்பருக்கு 1891ல பேட்டன்ட் வாங்கினாங்க, அதே ஃபார்முலா வேற வேற பேர்ல இன்னிக்கும் விக்குது. ஒண்ணுக்கு அம்பது தண்ணி கலந்தா போதும், ஒரு பாட்டில் வருஷக்கணக்கா வரும். ஃபார்முலா எல்லாம் 20 டிகிரிக்கு சொல்லியிருப்பாங்க, நம்ம ஊர் டேங்க் தண்ணி ஏப்ரல்ல 30க்கு மேல இருக்கும், அதனால ஐஸ் கட்டி போட்ட பக்கெட்டுக்குள்ள பாத்திரத்தை வெச்சு இறக்குங்க.

லைட் மீட்டர் முள்ளு அசையவே மாட்டேங்குது.

செலினியம் மீட்டர் அப்படித்தான். பேட்டரியே இல்லாம வெளிச்சத்துலயே ஓடும், ஆனா வயசாக ஆக செலினியம் பலம் போயிடும். சரி பண்ண காசு போடாதீங்க, ஃபோன்ல ஒரு மீட்டர் ஆப் போதும். அதுவும் வேணாம்னா நல்ல வெயில்ல எஃப்16 வெச்சு, ரோலோட ஐஎஸ்ஓ நம்பரை ஷட்டர் ஸ்பீடா வெச்சுக்கோங்க, 100 ரோலுக்கு 1/100. நிழலுக்குப் போனா ரெண்டு மூணு ஸ்டாப் திறங்க, அதாவது எஃப் நம்பரை ரெண்டு மூணு படி குறைங்க. நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் அதிக வெளிச்சத்தைத் தாங்கிக்கும், பயப்படாம எடுங்க.

எங்க வாங்குறது? ஆன்லைனா நேர்லயா?

நேர்ல கிடைச்சா நேர்ல. டெல்லி குச்சா சௌத்ரி மார்க்கெட், மும்பை சோர் பஜார் எல்லாம் போனீங்கன்னா கண்ணுல நிறைய படும், மேல சொன்ன தங்க லைக்காவும் படும். அதைவிட நல்ல வழி, உங்க ஊர்ல மூடப் போற பழைய ஸ்டூடியோ. பெரியவர் அலமாரியில எதையாவது வெச்சிருப்பார். மரியாதையா உக்காந்து பேசுங்க, விலையைக் கடைசியா கேளுங்க. ஒண்ணு சொல்லிடறேன், அங்கயும் வீட்டுப் பரண்லயும் அதிகமா கிடைக்குறது ஆக்ஃபா கிளிக் 3. பேர் ஜெர்மன், ஆனா பரோடாவுல பண்ணினது. வெச்சுக்க அழகா இருக்கும், விலை கிடைக்காது.

ஆன்லைன்ல ஜெர்மனிலேர்ந்து வாங்குறதுன்னா விளம்பரத்துல "உங்கெப்ரூஃப்ட்"னு இருந்தா சோதிக்கலன்னு சொல்றாங்க, பெரும்பாலும் சோதிச்சுட்டுத்தான் அப்படிப் போடுறாங்க. "ஃப்யூர் பாஸ்ட்லர்"னா நீயே நோண்டிக்கோன்னு அர்த்தம், ஓடாது. மெதுவான ஸ்பீடு ஓடுறதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அனுப்ப மாட்டேன்னா நகர்ந்துடுங்க. கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து கணக்கு போட்டுட்டு அப்புறம் பட்டனை அமுக்குங்க, பல சமயம் கேமராவை விட அது அதிகமா வந்து நிக்கும்.

நானே பிரிச்சு சரி பண்ணலாமா?

வெளிப்புறம் துடைக்குறது, பெல்லோஸ் ஓட்டைக்கு கறுப்பு பூசுறது, தோல் ஒட்டுறது, இதெல்லாம் தாராளமா. காம்பூரைப் பிரிக்கணும்னா முதல்ல கெட்டுப் போனாலும் பரவால்லன்னு ஒரு ஓடாத விட்டோவை வாங்கி அதுல கை பழகுங்க, ஒவ்வொரு ஸ்க்ரூ எடுக்கும்போதும் ஃபோன்ல ஒரு படம் எடுத்துக்கோங்க. ஷட்டருக்குள்ள எந்த ஸ்பிரேயும் அடிக்காதீங்க, கதவு கீலுக்கு அடிக்குற எண்ணெய் ஸ்பிரே அடிச்சா ரெண்டு நாள் ஜோரா ஓடும், மூணாவது நாள் பிளேடு எல்லாம் ஒட்டிக்கும். கான்டாரெக்ஸ், கான்டாஃப்ளெக்ஸ் ரெண்டையும் தொடவே தொடாதீங்க, அனுபவப்பட்ட மெக்கானிக்கே அதைக் கண்டா முகத்தைத் திருப்பிக்குவார்.

எப்படிப் பத்திரமா வெச்சுக்குறது?

கூடவே வந்த தோல் கேஸ்லேர்ந்து முதல்ல வெளிய எடுங்க. பாக்க அழகா இருக்கும், ஆனா ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும், ஃபங்கஸுக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிகா ஜெல், அது கலர் மாறினதும் சூடு பண்ணிக் காய வெச்சு மறுபடி போடுங்க. அஞ்சாறு கேமரா ஆயிடுச்சுன்னா டிரை கேபினெட் வாங்கிடுங்க, ஈரப்பதம் 40லேர்ந்து 50க்குள்ள இருந்தா போதும். ஷட்டரை காக் பண்ணி வெச்சுட்டு மூடாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை எல்லா ஸ்பீடுலயும் நாலு நாலு தடவை தட்டி விடுங்க.

இது முதலீடா? விலை ஏறுமா?

2022ல, லைக்காவை உருவாக்கின ஆஸ்கர் பர்னாக் தானே வெச்சிருந்த ஒரு 0-சீரிஸ் லைக்கா, அதாவது விற்பனைக்கு முன்னாடி சோதனைக்குப் பண்ணினது, 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு ஏலம் போச்சு. அந்தச் செய்தியைப் படிச்சுட்டு இதுல இறங்காதீங்க. ஏறுறது லைக்கா, நல்ல நிலைமையில இருக்குற ரோலிஃப்ளெக்ஸ், அபோ-லாந்தார் லென்ஸ் வெச்ச ஃபோக்ட்லெண்டர் பெஸ்ஸா 2 மாதிரி அபூர்வ சரக்கு. மத்ததெல்லாம் வாங்கின விலைக்குப் போனாலே பெரிய விஷயம்.

லைக்கா வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீரியல் நம்பரை வெச்சு வருஷம் கண்டுபிடிக்கலாம், எம்3 7 லட்சத்துல ஆரம்பிக்குது. ஆனா பழைய மாடலை வெட்ஸ்லார் ஃபேக்டரிக்கு அனுப்பி புது மாடலா மாத்திக்குற வசதியை லைக்கா பண்ணின லைட்ஸ் கம்பெனியே கொடுத்துச்சு. அதனால நம்பர் 1930னு சொல்லும், பாடி 1950 மாதிரி இருக்கும். அதைப் போலின்னு நினைச்சுத் தள்ளிடாதீங்க.

வாங்கின கேமராவுக்குள்ள பழைய ஃபிலிம் இருக்கு, என்ன பண்றது?

கதவைத் திறக்காதீங்க, அதுதான் முதல் வேலை. 35எம்எம்னா முழுசா ரீவைண்ட் பண்ணி அப்புறம் திறங்க. 120ன்னா பின்னாடி சிவப்பு ஜன்னல்ல நம்பர் தெரியும், கடைசி வரைக்கும் சுத்தி முடிச்சுட்டு நிழல்ல எடுத்து ரப்பர் பேண்ட் போட்டுடுங்க. பேப்பர் உடையுற மாதிரி மொறுமொறுன்னு இருந்தா அவசரமா சுத்தாதீங்க. கலர் ஃபிலிமா இருந்தாலும் கறுப்பு வெள்ளை கெமிக்கல்ல கழுவுங்க, பழைய கலர் முறைகள்ல பலதும் இப்ப கிடையாது, கோடாக்ரோம்னா 2010 கடைசியோட அதைக் கழுவுற லேபே இல்லாம போச்சு. பாதிக்கு மேல ஒண்ணும் வராது, வந்தாலும் புகை மூட்டமா இருக்கும். ஏதாவது முகம் தெரிஞ்சதுன்னா விக்கிறவருக்கு ஒரு பிரதி அனுப்பிடுங்க, அவங்க வீட்டு ஆளா இருக்கலாம்.